கார்மென் மாதா ஊர்வலத்தில் ஒரு ரெனோ நாலு

"ஹாரன்ல இருந்து கைய எடுக்காத, மீஹா. அழுத்திட்டே இரு."

பின்னிருக்கையில் கிடந்த ஆர்செசியோ இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை வாயைத் துடைத்துக்கொண்டார். ஈறுகளிலிருந்து ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. மனைவியை அவர் மகளே என்ற பொருளில் 'மீஹா' என்றுதான் கூப்பிடுவார். எடில்மா அழுத்திக்கொண்டேதான் இருந்தாள். மேடு பள்ளம் இல்லாத இடம் வந்தபோதெல்லாம் இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வெள்ளைத் துணியை ஆட்டினாள். மலையிறக்கத்தின் கடைசி வளைவு. கீழே ஊர். ஊரின் மறுகோடியில் ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கு மட்டும்தான் இருந்தது.

ஹாரனும் வெள்ளைத் துணியுமாக ஒரு வண்டி மலையிறங்கினால் உயிராபத்து என்று எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். பால் லாரிகூட ஓரம்போய் நிற்கும். இத்தனை வருஷத்தில் யாரும் மறித்ததில்லை.

வண்டியை அவள் ஓட்ட வேண்டிய நாளே இல்லை அது. ஓட்டுநர்களின் காவலியான கார்மென் மாதாவின் திருநாள். மலையில் சக்கரம் உள்ள எல்லாமே விடியுமுன் ஆசீர்வாதத்துக்காக ஊருக்கு இறங்கிவிட்டிருந்தன. ஆர்செசியோ மட்டும் தாமதித்தார். வண்டி முழுக்க நீலமும் வெள்ளையுமாகக் காகிதப் பூ ஒட்டியாயிற்று, முன்மூடியில் மாவுப்பசை தடவி மாதாவின் படத்தையும் ஒட்டியாயிற்று, கூரைமேல் கட்ட ஒரு வாழைத்தார் இருந்தால் போதும் என்று தோட்டத்துக்குள் போனார். வாழைச் சருகுக்குள் நாலுமூக்கன் பாம்பு கிடந்தது. இடது கணுக்காலுக்கு மேல் கடித்தது. அவர் கத்தவில்லை. தாரைத் தோளில் சுமந்தபடியே வீடு வரை நடந்துவந்து, அதைக் கூரைமேல் கட்டிய பிறகே, "மீஹா, சாவிய எடு" என்றார்.

அந்த ரெனோ நாலு காப்பி விலை எகிறிய வருஷத்தில் வந்தது. என்விகாதோ தொழிற்சாலையில் பூட்டிய வண்டி. வானொலி விளம்பரத்தில் அதை விசுவாசமுள்ள சிநேகிதன் என்றார்கள், அதன் பிறகு மலையில் யாரும் அதை வேறு பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. எடில்மா கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்குக் கோவேறு கழுதைமேல் வந்தவள். இரண்டாவது பெண்ணை அந்த வண்டியின் பின்னிருக்கையில் பெற்றாள். மாமியாரின் சவப்பெட்டி நீளம் போதாமல் பின்கதவைத் திறந்துவைத்தே கல்லறைக்குப் போயிற்று. காப்பி மூட்டை, பன்றிக்குட்டி, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட பெஞ்சு, எல்லாம் அதில்தான். அவள் இடம் மட்டும் மாறவில்லை. வலது பக்க இருக்கை. இறக்கத்தில் அவள் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். ஆர்செசியோ பார்த்துச் சிரிப்பார்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்தில் அவளை ஓட்டவிட்டார். டாஷ்போர்டிலிருந்து குடைக்காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கியரைத் தள்ளினாள், இழுத்தாள், நேராகப் போய்க் கோல் கம்பத்தைச் சாய்த்தாள். மலை முழுக்கச் சிரித்தது. பல வருஷம் ஓடியும் அந்தச் சிரிப்பு தீரவில்லை. அதன்பின் அவள் சாவியைக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் ஓட்டினாள். இருக்கையின் நுனிக்கு வந்தால்தான் கிளட்சுக்குக் கால் எட்டியது. இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை.

வளைவு திரும்பியதும் ஊர்வலத்தின் வால் நின்றது.

ஜீப்புகள், பஸ்கள், லாரிகள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒரே தெருவில் கோவில் வரை நெருக்கியடித்து நின்றன. எல்லா வண்டியும் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது. எல்லா ஜன்னலிலிருந்தும் மாதாவுக்கு வெள்ளைக் கைக்குட்டை ஆடியது. வெகுதூரத்தில், தீயணைப்பு வண்டிக்குப் பின்னால், பலூன் கட்டிய ஊர் ஆம்புலன்ஸ் தன் சைரனை அலறவிட்டபடி நின்றது.

எடில்மா ஹாரனை அழுத்தினாள். முன்னால் நின்ற ஜீப் பதிலுக்கு ஹாரன் அடித்தது. துணியை ஆட்டினாள். ஜீப்பின் பின்னால் தொங்கிய நாலு பேரும் கைக்குட்டையை ஆட்டினார்கள்.

"டேய், கோல் கம்பத்த ஒளிச்சு வைங்கடா! தோன்யா எடில்மா வண்டி எடுத்துட்டாங்க!"

"வழி விடுங்க! பாம்பு கடிச்சிருச்சு, பாம்பு!"

"வாழ்க, வாழ்க!" என்று அவர்கள் கத்தினார்கள், ஹாரன் இரைச்சலில் அவள் சொன்னது காதில் விழாமல். ஒருவன் சோம்புச் சாராயப் போத்தலை அவள் பக்கம் தூக்கிக் காட்டினான். ஜீப்பின் சொந்தக்காரன் ஒவீதியோ தலையை வெளியே நீட்டிப் பின்னிருக்கையைப் பார்த்தான்.

"தொன் ஆர்செசியோ காலங்காத்தாலயே கவுந்துட்டாரா? மாதா பாத்துக்குவா, தூங்கட்டும் விடுங்க!"

பின்னால் ஒரு கரும்பு லாரி வந்து ஒட்டி நின்றுவிட்டது. இனித் திரும்பவும் வழியில்லை. ஆர்செசியோ பேசுவதை நிறுத்தியிருந்தார். கால்சட்டையைக் கிழித்துவிட்டிருந்ததால் முழங்கால் வரை ஏறிய கருநீலம் தெரிந்தது. தோல் பளபளத்தது. "ஆர்செசியோ" என்றாள். அவர் கண்ணைத் திறந்தார். அவளைத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அவள் இறங்கினாள். ஜீப்புக்கு ஓடி அதன் தகரத்தை அடித்தாள். அவர்கள் அவள் கையைப் பிடித்து மேலே ஏற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். உதறிக்கொண்டு திரும்பினாள். தன் வண்டியைப் பார்த்தாள். பூவும் தோரணமும் வாழைத்தாருமாக, அந்தத் தெருவிலேயே ஆக அழகான வண்டியாக அது நின்றது. யார் நம்புவார்கள்?

முதலில் காகிதப் பூக்களைப் பிய்த்தாள். பிறகு தாரின் கயிற்றை அறுத்தாள். தார் தெருவில் விழுந்து சிதறியது. யாரோ சிரித்தார்கள். பிறகு முன்மூடிமேல் சாய்ந்து, மாதாவின் படத்தில் நகத்தை நுழைத்துக் கிழித்தாள். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. முகம் பாதியாக வந்தது, மீதியைச் சுரண்டினாள்.

பக்கத்து ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

ஒவீதியோ குதித்து இறங்கி வந்தான். "கிறுக்கு புடிச்சிருச்சா? இன்னிக்கு, இந்த நாள்ல, அவ மூஞ்சியவா..." என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பின்னால பாருடா நாசமாப் போனவனே. போய்ப் பாரு."

பார்த்தான். கையை விட்டான். "மாதாவே" என்றான், மெதுவாக. பிறகு வேறு குரலில்: "எல்லாரும் இறங்குங்கடா! தொன் ஆர்செசியோவ பாம்பு தீண்டிருச்சு!"

வண்டிகளை ஒதுக்க இடமே இல்லை. தெருவுக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் சந்துக்கும் நடுவே நாலு கற்படிகள். ஒவீதியோ படிகளைப் பார்த்தான், ரெனோவைப் பார்த்தான். "தகர டப்பாதானே இது, தூக்குங்க" என்றான். "நீங்க உள்ள ஏறுங்க, தோன்யா. மேல கொண்டுபோய் வெச்சதும் ஓட்ட ஆள் வேணும்." ஜீப்பில் தொங்கியவர்களும் கரும்பு லாரிக்காரனும் இன்னும் யார் யாரோவும் பம்பரையும் சக்கர வளைவுகளையும் பிடித்தார்கள். வண்டி தரையை விட்டு எழும்பியது. எடில்மா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வியர்த்த முகங்கள் அவளோடு படியேறின. சாராய வாடை அடித்தது. யாரும் கேலி செய்யவில்லை.

சந்தில் இறக்கிவிட்டார்கள். மூன்றாவது கியருக்குத் தள்ளினாள். விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தத் தெரியாமல் சுவரில் மோதி நிறுத்தினாள்.

நர்ஸ் ஊசியைப் போட்டபடியே காலைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் முன்னால கொண்டாந்திருக்கலாமே, செஞ்யோரா."

எடில்மா தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் மாவுப்பசையும் நீலமும் ஒட்டியிருந்தன. மாலையில், பலூன்களை அவிழ்த்துவிட்ட ஆம்புலன்ஸில் அவரை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. விடிகாலையில் நகரத்தில் இடது காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று, அவரோடு இருந்த மூத்த மகள் மலைமேலிருந்த கடைக்குப் போன் செய்தாள், கடைக்காரர் தோட்டத்துக்கு ஆள் அனுப்பினார். எடில்மா செய்தியைக் கேட்டுவிட்டு அடுப்பிலிருந்த சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். ஒவீதியோ ஒரு புது மாதா படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அதை அலமாரியில் வைத்தாள். சந்தை நாளாகையால் மூன்று மூட்டை காப்பி போக வேண்டியிருந்தது. அவனே தூக்கி வண்டியில் ஏற்றினான், தானே ஓட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னான். வேண்டாம் என்றாள். முகப்பு விளக்கு ஒன்று உடைந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்தாள். துருப்பிடித்திருந்ததால் நகரவில்லை. எண்ணெய் விட்டு மறுபடி இழுத்தாள். கிளட்சுக்குக் கால் எட்டியது.