தொண்ணூற்றாறு கிலோ நியாயம்

நான் ஒரு முட்டாள் என்பதைத் தெருவுக்கே மைக்கில் அறிவித்தவன் நான்தான். வேறு யார் சதியும் இல்லை. மைக் கைக்கு வந்தால் என் வாய் முதலில் கிளம்பிவிடும். மூளை செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆற அமரப் பின்னால் வந்து சேரும்.

கம்பத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கும் அடுத்த தெருப் பெண்களுக்கும் பொங்கலுக்குப் பொங்கல் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். அறிவிப்பாளர் நான். குரல் வளத்தால் அல்ல, மைக்செட் என் மச்சானுடையது.

எங்கள் தெருக் கேப்டனம்மா குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் போய்வருகிறவர். கேரளத்து வடம்வலியை, அதாவது அவர்கள் ஊர்க் கயிறு இழுப்பை, பார்த்துவிட்டு வந்து ஒரு சட்டம் போட்டார். தலைக்கணக்கு கிடையாது, எடைக்கணக்குதான். இரண்டு அணியும் வாழைக்காய் மண்டித் தராசில் ஏற வேண்டும், மொத்த எடை சமமாக இருக்க வேண்டும். "என்னைய வாழைத்தாருன்னு நெனச்சு பச்சைச் சாக்குல கட்டிறாதீக" என்று எங்கள் அணிப் பெண் ஒருவர் தராசைவிட்டுக் குதித்தார்.

அடுத்த தெரு அணியில் இந்த முறை ஒரு திருநங்கையும் தராசில் ஏறினார். திராட்சை ஷெட்டில் பழம் அடுக்கிப் பெட்டி போடுகிறவர். இளையவர்கள் எல்லோருக்கும் அக்கா. எடை சரியாக வந்தது. ஆனாலும் கேப்டனம்மா கயிற்றைத் தொடவில்லை.

"ஏத்தா, மூஞ்சிக்கு நேராக் கேக்குறேன், கோவிச்சுக்காத. ஒன்னையத் தங்கச்சியாத்தான் நெனைக்கிறேன். ஆனா கயிறுன்னு வந்தா கை பலந்தான பேசும்? திராட்சைப் பெட்டிய நீ ஒத்தக் கையில தூக்குறதப் பாத்திருக்கேன். எங்க புள்ளைக மார்கழிப் பனியில பழகியிருக்குக."

"கேளு மதினி, தப்பில்ல" என்றார் அக்கா. "ஹார்மோன் மருந்து சாப்புட்டதுல பழைய வலு இல்ல. எம்புட்டுப் போச்சு, எம்புட்டு மிச்சமிருக்குன்னு எனக்கே தெரியாது. போன பொங்கலுக்கு ஆம்பளைக கயித்துல போயி நில்லுன்னாக. வீட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கிட்டேன். இன்னைக்கும் வேணாம்னா சொல்லிருங்க, போயிர்றேன். ஆனா அடுத்த வருசம் நான் வரமாட்டேன், எனக்காக யாரும் தராசைத் தூக்கிட்டு வர வேணாம்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்குத்தான் பெரிய மனுசன் என்று பெயர். என் கையிலோ மைக்.

"இதுக்கு எதுக்குச் சண்டை? அங்கன அக்கா நிக்கட்டும். ஈடு கட்ட இங்கன நான் நிக்கிறேன்!"

சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் அண்ணனும் ஒண்ணாக்கும்? அப்ப இழுத்துருவோம்." கேப்டனம்மா யோசித்தார். "ஆம்பள பலம் வந்தா வேணாம்னு சொல்லுவானேன்? வாங்கண்ணே."

தராசில் ஏறினேன். தொண்ணூற்றாறு. என் ஒருவனுக்காக, பழகிப் பழகிக் கை காய்த்த இரண்டு பெண்கள் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக் கயிற்றைப் பிடித்தேன். எதிரே கடைசி ஆளாக அக்கா.

விசில் அடித்தது. "பின்னாடி சாயிங்கண்ணே!" என்றார் கேப்டனம்மா. சாய்ந்தேன். அதிகமாகச் சாய்ந்துவிட்டேன். கால் வழுக்கி மல்லாந்ததில், எனக்குப் பின்னால் நின்றவர்கள் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தார்கள். கயிற்றை மட்டும் நான் விடவில்லை, வீரம். கோட்டுக்கு அந்தப்புறம்வரை என்னை இழுத்துப் போனார்கள். கைலி ஒரு கட்டத்தில் உடன்வர மறுத்தது. உள்ளே டவுசர் போட்டிருந்ததால் தெரு மானம் தப்பியது.

"பழகிட்டு வந்த என்னைய ஒக்காரச் சொல்லிட்டு இந்த மூட்டையக் கட்டி இழுத்தீகளே!" என்று வெளியே இருந்தவர்களில் ஒருவர் கத்தினார். கேப்டனம்மா என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி ஓரமாக விட்டார். அந்த இரண்டு பெண்களும் உள்ளே வந்தார்கள். இனி அக்கா வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டம் சூடாகிவிட்டது.

மொத்தம் மூன்று இழுப்பு. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் கயிறு அசையவே இல்லை. கறிக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்க, கேப்டனம்மா குதிகாலைத் தரையில் புதைக்க, கடைசியில் ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்ந்தது. ஒரே சாண். அடுத்த தெரு ஜெயித்தது. அக்கா மண்ணிலேயே உட்கார்ந்து, சிவந்த உள்ளங்கைகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

கேப்டனம்மா அவரிடம் போனார்.

"சந்தேகம் எனக்கு இன்னும் தீரல" என்றார். "ஆளுக்கு ஒண்ணு இழுத்திருக்கோம். முத இழுப்ப நான் கணக்குலயே சேக்கல."

"தீர வேணாம் மதினி."

"அடுத்த வருசம் வா. ஒனக்கு எதிர்த்தாப்புல நான்தான் நிப்பேன். ஒழுங்காப் பழகிட்டு வா."

அக்கா கையை நீட்டினார். கேப்டனம்மா பிடித்து இழுத்து எழுப்பிவிட்டார். விசிலும் கைதட்டலுமாகத் தெருவே அதிர்ந்தது. எனக்கும் நெஞ்சு விம்மிவிட்டது. இந்தச் சமாதானத்தில் என் பங்கும் இருக்கிறதே என்று, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்ப அடுத்த வருசம் நானு?"

கேப்டனம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க வேணாம்ணே."