பெரட்டுக்குப் போன காலை

இங்கே தரை எல்லாம் சமமாக இருக்கிறது. அதுதான் எனக்கு முதல் பயம். நம்ம மலையில் யார் வந்தாலும் பாதையில் ஒரு முடக்கு திரும்பித்தான் வரணும். அதுக்குள்ளே நாய் குரைக்கும், நாம சுதாரிச்சுக்கலாம். இங்கே மணலில் காலடிச் சத்தமே கேட்காது. குனிஞ்சு அடுப்பை ஊதிட்டு நிமிர்ந்தால் வாசலில் ஆள் நிற்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. தோப்புக்கு அந்தாண்டை கல்பாக்கத்துக்குக் கம்பி ஏத்திப் போகிற லாரிச் சத்தம். மறைஞ்சுக்க ஒரு மேடு கிடையாது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் கப்பலுக்குக் காத்திருக்கிறவங்க தெரிஞ்சுக்கட்டும் என்று எழுதுகிறேன். சொந்த நாடு என்று சொல்லித்தான் ஏத்தி விடுவாங்க. வந்து இறங்கினால் இங்கேயும் நாம வந்தவங்கதான்.

மண்டபம் கேம்ப்பிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ரயில். அங்கேயிருந்து லாரியில் கொண்டுவந்து இந்தத் தோப்போரம் இறக்கிவிட்டாங்க. ஆறு குடும்பம். கீற்றுக் குடிசை. ஆண் பெண் எல்லாருக்கும் சவுக்கு வெட்டுற வேலை என்றார் செய்யூர் மேஸ்திரி. கத்தியும் கொடுத்துட்டுப் போனார். எப்போ வரணும் என்று சொல்லலை. அந்தத் தோப்பில் அதுவரைக்கும் பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண்கள்தான் அடுப்புக்கு மிளாறு பொறுக்கினாங்க. நல்ல தண்ணிக்கு இருந்ததும் ஒரே ஊற்று, மணலில் தோண்டினது. நான் குடத்தோடு போனால் பேச்சு நின்னுடும். கன்னியம்மா என்கிற மீன்காரி மட்டும் என் மகளைப் பார்த்து, "இன்னாடி சிலோனு, மூக்கு ஒயுவுது பாரு" என்பாள். திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா, பிடிபடாது. குப்பத்தில் கூட்டம் போட்டு எங்களைக் கிளப்பப் போறாங்க என்று பேச்சு வந்தது. கிளப்பினால் எங்கே போகிறது? லயத்தில் நாங்க குடியிருந்த காம்பராவை வேறொருத்தருக்குக் கொடுத்தாச்சு. கப்பல் திருப்பி ஏத்தாது.

ஒரு நாள் விடியலில் தப்பு மேளம் கேட்டது. தோட்டத்தில் தப்படிச்சால் பெரட்டு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேத்தண்ணியைக் குடிச்சும் குடிக்காமலும் ஓடி வரிசையில் நிற்கணும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரிச்சு விடுவார். பிந்தினால் அன்றைக்குப் பிழைப்பு இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். ஒருத்தரும் யோசிக்கலை. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினோம், கத்தியை எடுத்தோம். வேலை நேரத்துக்குப் பிள்ளைக் காம்பராவில் விடப் போகிற மாதிரி நான் மகளையும் தூக்கிக்கிட்டேன். சத்தம் வந்த பக்கம் போனால், கோயில் முன்னே குப்பத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தாங்க. கட்டுமரம் ஒண்ணுகூட கடலில் இறங்கலை. அவங்களுக்கு எதிரே வரிசையாக நின்னோம்.

எல்லாரும் எழுந்துட்டாங்க.

"இன்னா நைனா, கத்தி எத்துகினு வந்துக்கிறே?" என்றார் அவங்க பெரியவர். நாட்டார் என்பாங்க.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சு மரியாதையாகத்தான் சொன்னார். "பெரட்டுக்கு வந்திருக்கோமுங்க."

"இன்னாது? எங்கள பெரட்டி எடுக்க வந்துக்கிறியா? எத்தினி பேருடா வந்துக்கிறீங்க?" ஒரு இளவட்டம் துடுப்பைத் தூக்கினான்.

"ஆறு குடும்பமும்தாங்க. பேர் கூப்பிட்டா ஒவ்வொருத்தரா வர்றோம்."

"கேட்டுக்கினியா! ஒண்டிக்கு ஒண்டி கூப்புடுறான்!"

துடுப்புகள் கிட்டே வந்தன. ஓடினால் குத்தமாகிடும் என்று நின்னேன். மகள் கழுத்தை இறுக்கிக்கிட்டு வீறிட்டாள். அந்தச் சத்தத்துக்குத்தான் கன்னியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வந்தாள்.

"அட பேமானிங்களா! இடுப்புல கொயந்தய வெச்சிகினு எவளாச்சும் சண்டைக்கி வருவாளா? மூஞ்சியப் பாருங்கடா, வெளுத்துப்போய் கீதுங்க." என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. இன்னாத்துக்கு வந்தே?"

"தப்பு அடிச்சாங்க. வேலைக்குக் கூப்பிடுறாங்கன்னு வந்தோம்."

துடுப்புகள் தாழ்ந்தன. அப்புறம், "கூட்டத்துக்கு அடிச்சா வேலைக்கி வந்துக்கிதுங்கடா மச்சான்" என்று ஒருத்தன் சிரிச்சான். எங்களில் யாரும் சிரிக்கலை.

கத்தியை மணலில் போடச் சொன்னாங்க. போட்டோம். கூட்டமே எங்களைப் பற்றித்தான் என்று அப்போதுதான் தெரிஞ்சது. எங்களை நிற்க வச்சுக்கிட்டே பேசி முடிவு சொன்னாங்க. இருக்கலாம். மிளாறு அவங்களுக்கு. அவங்க மொண்ட பிறகு ஊற்றில் மொள்ளலாம். கத்தியோடு கரைப் பக்கம் வரக்கூடாது. நல்ல முடிவுதான். ஆனால் அன்றைக்குப் பிடிச்ச பயம் முழுசாகப் போகலை. இருக்கலாமா போகணுமா என்று என் எதிரிலேயே பேசினாங்க, பாதி வார்த்தை எனக்குப் புரியலை. தோட்டத்துத் தொரை இங்கிலீசில் கத்துவார், புரியாது, அது வேற. இது தமிழ்.

போன மாசம் இன்னும் ரெண்டு குடும்பம் லாரியில் வந்து இறங்கினாங்க. அப்போதுதான் ஊற்றில் என் முறை வந்து குடம் நிரம்பியிருந்தது. குடத்தோடு ஓடினேன். நம்ம சனம். அந்த வெயிலிலும் ஒரு கிழவர் கம்பளியைத் தோளில் போட்டிருந்தார். ஒரு பெண்ணிடம், "இன்னா, எந்தத் தோட்டம்?" என்றேன். என் வாயில் குப்பத்துப் பேச்சு வந்தது என் காதுக்கே அப்புறம்தான் எட்டியது. அவள் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியும்.

பின்னாலிருந்து கன்னியம்மா கத்தினாள். "ஏ சிலோனு! ஒன் ஜனத்துக்குச் சொல்லி வையி. எங்க கொடம் ரொம்புனப்புறம்தான் மொள்ளணும்!"

இடுப்புக் குடம் தளும்பி என் புடவை நனைஞ்சது. ரெண்டு பேருக்கும் நடுவிலே மணலில் நின்னேன்.