மழைக்குப் பிந்தைய சுற்று

அன்றைய கூட்டத்தில் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: "ஒரு சுற்று போதாது, சார்." அதை நான் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து, தமிழரசி மேடம் காலமான செய்தி கந்தர்வக்கோட்டைப் பேருந்தில் வைத்து என்னை எட்டியது. மூளையில் ரத்தக் கசிவு, ஒரே நாளில் முடிந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார் அவர் கணவர்.

எங்கள் மாவட்டத்தின் நிலவளக் கணக்கெடுப்பை வடிவமைத்தவர் மேடம். எது பயிர் நிலம், எது முந்திரித் தோப்பு, எது தரிசு என்று செயற்கைக்கோள் படம் காட்டுவதை நேரில் போய்ச் சரிபார்க்கும் வேலை. எந்தெந்தப் புள்ளிகளில் நின்று பார்ப்பது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். முள்ளோ மேடோ, அந்த இடத்துக்கே போக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். "ரோட்டோரமாவே நின்னு பாத்தா, புதுக்கோட்டையில ரோட்டோரம் மட்டுந்தான் இருக்குன்னு ஆயிரும்" என்பார்.

நான் களப்பணிக்குச் சேர்ந்த முதல் வாரம், மேடமோடு போனபோது, குளத்தூர்ப் பக்கம் ஒரு புள்ளி ஆட்டுக்கொட்டகைக்குள் விழுந்தது. அதன் சொந்தக்காரர் சின்னையா வழிமறித்தார்.

"என் கொட்டாய்க்குள்ள என்னம்மா அளக்கப் போறீங்க?"

"கம்ப்யூட்டர் இங்கிட்டுதான் நிக்கச் சொல்லுதுண்ணே" என்றார் மேடம்.

"அப்ப அதையும் கூட்டியாந்திருக்கலாம்ல? ரெண்டு கூடை புழுக்கை அள்ளிப் போட்டிருக்கும்."

மேடம் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன.

அடுத்த புள்ளி சின்னையாவின் மானாவாரி நிலத்தில். கோடையில் அது வெறும் செம்மண். தரிசு என்று பதிந்தேன். எட்டிப் பார்த்த சின்னையாவின் முகம் மாறியது.

"மழை பேஞ்சா கடலை போடுவேன்மா. தரிசுன்னு எழுதிட்டா, சும்மா கெடக்குற நெலந்தானேன்னு நாளைக்கு எவனாச்சும் வந்து நிப்பான்."

"மழைக்கு அப்புறம் மறுபடி வாரோம்ணே. ரெண்டையும் சேத்துத்தான் முடிவு பண்ணுவோம்" என்றார் மேடம். அவருடைய வடிவமைப்பே அதுதான்: அதே இடங்களில் கோடையில் ஒரு சுற்று, மழைக்குப் பின் ஒரு சுற்று.

கோடைச் சுற்று முடிந்ததும் கூடிய கூட்டத்தில், இதுவே போதும் என்றார் திட்டத் தலைவர். மேடம் மறுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"களத்துல நின்னு பாத்தவங்க இவங்கதான் சார். நீங்க சொல்லுங்கம்மா, போதுமா?"

என் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டிய அதே தலைவர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அதிகம் பேசாதவள் என்பது அலுவலகத்துக்கே தெரியும். அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு தலையைக் குனிந்தேன். இரண்டாம் சுற்று நீக்கப்பட்டது.

வெளியே வந்ததும் மேடம் எனக்கு டீ வாங்கித் தந்தார். "அத்தனை பேரு முன்னாடி ஒங்கள இழுத்து விட்டுட்டேன். என் தப்பு" என்றார். கூச்சத்தில்தான் வாயடைத்துப் போனேன் என்று மனதார நம்பினார். அவரை நான் அப்படியே நம்ப விட்டேன். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது.

இறுதி ஊர்வலத்துக்குச் சின்னையாவும் வந்திருந்தார். "அந்தம்மா போயிட்டாங்க. நீங்களாச்சும் வருவீங்கல்ல?" என்று கேட்டார். "வாரேன்" என்றேன். மறுநாள் தலைவரிடம் போய், ஒரு சுற்று போதாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப வந்து சொல்றீங்களேம்மா, வரைபடம் மேலிடத்துக்குப் போயிருச்சே" என்றார்.

மேடம், உங்கள் பெருந்தன்மைக்கு நான் தகுந்தவளாக இருக்கவில்லை. வெயில் இல்லாத இடமாகப் பார்த்து இருங்கள்.

ஆடியில் மழை பெய்தது. நான் மட்டும் போனேன். சின்னையாவின் நிலத்தில் கடலை முளைத்திருந்தது. வரைபடத்தில் அது தரிசு.