பட்டியலில் ஏறிய பெயர்

தைபே கணினிச் சந்தையின் நிலத்தடித் தளத்தில் கடைசிக் கடை காவ் ஷியூ-சின்னுடையது. ஐம்பதை நெருங்கும் பெண். வாய் கொஞ்சம் நீளம். கெட்டுப்போன கணினியைத் தூக்கி வருகிறவரை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுப்பாள். பேய் பிசாசெல்லாம் அவளிடம் எடுபடாது. ஆவிகள் வெளியே உலவும் என்று சொல்லும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் மற்ற கடைக்காரர்கள் நடைபாதையில் பழமும் ஊதுபத்தியும் வைத்துப் படைப்பார்கள். இவள் தன் பங்கைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அந்த ஏழாம் மாதம் பிறந்ததும் சோயாப்பால் கடை வெய் அக்கா தன் கணவரின் கணினியோடு வந்தார். அந்தக் கணவர், துங் மிங்-சுவான், வசந்தத்தில் இறந்திருந்தார்.

"அவரோட பக்கம் அப்படியே இருக்கணும், முதலாளியம்மா. படம், சதுரங்கம், ஒண்ணும் அழியக் கூடாது. கடை வேலைக்கு மட்டும் புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க."

"ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். நடுவுல சுவர் வச்சுட்டா சண்டையே வராதுக்கா."

ஷியூ-சின் கணினியின் வன்வட்டை இரண்டாகப் பிரித்து, பழைய விண்டோஸை ஒருபுறம் ஒதுக்கி, மறுபுறம் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை நிறுவினாள். கணினியைப் போட்டதும் திரையில் இரண்டு வரிகள் வரும். அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எதையும் தொடாவிட்டால் சற்று நேரம் பார்த்துவிட்டு, மேல்வரியில் உள்ள 'கடை' தானே திறந்துகொள்ளும். கீழ்வரியில்தான் அவளுக்குப் புத்தி பிசகியது. அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று இறந்தவரின் முழுப்பெயரை எழுதிவிட்டாள். ஆவிகள் காதில் விழுந்துவிடும் என்று அந்த மாதத்தில் உயிரோடிருப்பவரையே யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மறுவாரமே வெய் அக்கா கணினிப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"பேரை எழுதி வச்சுட்டீங்க. தினம் காலையில பெட்டி அவரைக் கூப்பிடுது, அவரும் வந்துடறாரு. நான் கையே வைக்கறதில்ல, அவரு பக்கம்தான் திறக்குது."

"தூக்கக் கலக்கத்துல நீங்களே அழுத்தியிருப்பீங்க."

"சதுரங்கத்துல காய் நகர்ந்திருக்கு. எனக்கு ஆடவே தெரியாது. அதையும் நான்தான் அழுத்தினேனா?"

ஷியூ-சின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"பேரை மாத்திடவா?"

"இனிமே மாத்தி என்ன? வந்தவரு வந்தாச்சு. அந்த வீட்டுல தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு. அவரு பக்கத்தை மொத்தமா அழிச்சிடுங்க." சொல்லும்போதும் பெட்டிமேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

அழித்தால் திரும்ப வராது என்று ஷியூ-சின் இரண்டுமுறை சொன்னாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

'கடை' திறந்தால் அங்கிருந்தே அழித்துவிடலாம். திரையையும் மின்கம்பியையும் மட்டும் செருகிப் பெட்டியைப் போட்டாள். இரண்டு வரிகள் வந்தன. வெளிச்சப்பட்டை 'கடை' மேல் நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டை நிதானமாகக் கீழே இறங்கி, துங் மிங்-சுவானின் பெயர்மேல் நின்றது.

ஷியூ-சின் விசைப்பலகையைத் தேடினாள். அது பக்கத்து மேசையில், வேறொரு கணினியில் செருகிக் கிடந்தது. மின்கம்பியைப் பிடுங்கக் குனிந்தாள்.

"வேணாம்" என்று வெய் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "அழிக்கப் போறோம்னு தெரிஞ்சுதான் ஓடி வந்திருக்காரு."

திரையில் அவர் பக்கம் திறந்துகொண்டிருந்தது. அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"சரி, இருங்க. நான் யாரையும் துரத்தல" என்றார்.