இரண்டு மார்க் குறைவு

எங்கள் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவில் அவருக்கு அரைமார்க்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஐம்பது விழுக்காட்டுக்கு அரை மார்க் குறைந்த ஒரு பெண் ஜன்னலில் நின்று அழுதபோது, "அரை மார்க்கும் மார்க்குதாம்மா" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்த மனுஷன். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பதினாறு வருஷம் நான் அவருக்கு அடுத்த மேஜை. விண்ணப்பத்தை ஜன்னலில் வாங்கி, எல்லாத் தாளும் இருக்கிறதா என்று பார்த்து அவர் பக்கம் தள்ளுவது என் வேலை. தகுதி உண்டு, இல்லை என்று முத்திரை குத்துவது அவர் வேலை.

முதுகலையில் சேர என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். மூன்று வருஷ இளங்கலை, அதே பாடத்தில். முதன்மைப் பாடத்தாள்கள் பத்திலும் சேர்த்து ஐம்பது விழுக்காடு. அதற்குக் கீழே, கையேட்டின் பதினோராம் பக்கத்தில், 'பின்னங்கள் முழு எண்ணாகக் கொள்ளப்படமாட்டா' என்று ஒரு வரி. அது அவரே எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு வருஷமும் கையேடு அச்சாகி வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கொஞ்சம் இரக்கம் காட்டினா குடியா முழுகிடும்?" என்று கேட்பேன்.

"ஒருத்தருக்குக் காட்டினா, வெளியில நிக்கிற ஒன்பது பேருக்குத் துரோகம், மேடம்."

அதுவும் நியாயம்தான், என்ன செய்ய. எவரிடமும் கை நீட்டியதில்லை. பெரிய இடத்திலிருந்து போன் வந்தாலும் மசியமாட்டார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவரிடம் அரை மார்க் வாங்க முடியாது.

அவர் மனைவி ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருஷமாக வரலாறு சொல்லிக்கொடுத்தாள். விண்ணப்பம் வாங்கும் கடைசி நாளன்று, அவர் கூட்டத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து ஜன்னலுக்கு வந்து நின்றாள். பள்ளியில் புது உத்தரவாம். முதுகலை இல்லாதவர்கள் இந்த வருஷமே எங்காவது சேர்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை இல்லை.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. இடம் கிடைச்சப்புறம் நானே சொல்லிக்கிறேன்."

"வீட்லயே கையில கொடுத்திருக்கலாமே?"

"நல்லாச் சொன்னீங்க! சிபாரிசுக்கு வந்துட்டியான்னு கேப்பார்" என்று சிரித்தாள். தாள்கள் எல்லாம் இருந்தன. வாங்கிக்கொண்டேன். மார்க்கைக் கூட்டிப் பார்ப்பது என் வேலை இல்லை. கூட்டியிருக்கலாம். அன்றைக்கே ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள் அது அவர் மேஜைக்குப் போயிற்று. புகைப்படத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பிறகு வழக்கம்போல பென்சிலை எடுத்துக் கூட்டினார். கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டினார். மூன்றாவது முறை கூட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆயிரத்துக்கு நானூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றார். "இருபத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், மேடம். ஊர்ல உள்ளவங்க மார்க் லிஸ்ட் எல்லாம் பாத்திருக்கேன். இவளோடத இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ஒரு தாளில் மட்டும் நாற்பது. எப்படியோ கரையேறிய மார்க். கடைசி வருஷம் கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு எழுதிய பரீட்சை அது. மார்க்கைக் கூட்டிக்கொள்ள மறுதேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். மார்க் லிஸ்ட்டில் அந்த இடத்தில் தேதி போட்டு, 'வரவில்லை' என்று இருந்தது. அவர் விரல் அந்தத் தேதியிலேயே நின்றுவிட்டது.

"இது நான் துறைத்தேர்வு எழுதின தேதி. பதவி உயர்வு ஃபாரத்துல எழுதி எழுதி மனப்பாடம். அப்ப பாப்பாவுக்கு நாலு மாசம், காய்ச்சல் கொதிக்குது. யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும்."

அந்தத் துறைத்தேர்வில் தேறித்தான் அவருக்கு இந்த நாற்காலி கிடைத்தது. அது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். என் வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டே ரெண்டு மார்க் சார். உண்டுன்னு குத்துங்க. யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே, மேடம்."

ஆத்திரத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது 'தகுதி இல்லை' குத்தி, மை காய்வதற்காகத் தாளைத் திறந்து வைத்திருந்தார். பாவி மனுஷன், அதிலும் கோணாமல் குத்தியிருந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். வாயே திறக்கவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

தகுதி இல்லாதவர்களின் அசல் சான்றிதழ்களை ஜன்னலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தருவோம். மறுநாள் பதினொரு மணிக்கு, அலுவலகத்திலிருந்து போன குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு அவள் வந்தாள். பள்ளியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருப்பாள் போலிருக்கிறது, புடவையில் சுண்ணாம்புப் பொடி. நான் எழுந்தேன். அவர் என் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டு, தானே ஜன்னலுக்குப் போனார்.

"எவ்வளவு குறையுதுங்க?" என்றாள்.

"ரெண்டு."

"ரெண்டுதானா?" அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததைப் பார்த்தேன். ஐயோ, அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். "அப்ப அந்த ஒரு பேப்பரை இப்ப எழுதிக்கலாமில்ல? பணம் கட்டிடறேன். எழுதப்போறேன்னு ஒரு சீட்டு குடுத்தீங்கன்னா பள்ளிக்கூடத்துல காட்டுவேன்."

இந்தக் கேள்வியை ஆயிரம் பேர் அவரிடம் கேட்டிருப்பார்கள். ஆயிரம் பேருக்கும் மளமளவென்று பதில் சொன்ன வாய்தான் அது.

"இப்ப முடியாதும்மா" என்றார். "மறுதேர்வு ஒரே தடவைதான். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள எழுதிடணும். அந்த வருஷத்தோட போச்சு."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. வீட்டுக் கணக்கில் எங்கோ விட்டுப்போனதை யோசிக்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அன்னைக்கு நான் கிளம்பி, புடவைகூடக் கட்டிட்டு நின்னேனே. நீங்கதானே சொன்னீங்க, 'இதுக்கென்ன, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்'னு?"

"எனக்கு அப்ப ரூல் தெரியாது" என்றார் அரைமார்க்கு.

அவள் தலையை ஆட்டினாள். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பின்னால் நின்ற பையன், "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்" என்றான். சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனுக்கு வழிவிட்டாள்.