அருணாசலம் மாஸ்டர் எங்களோடு வாசித்த நாவல்

மலாக்காவில், ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் மளிகை வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. கடைக்காரர் மஞ்சள்தூளை மடித்துக்கொண்டே, "டீச்சர், தெரியுமா? காஜா பேராங் தெரு அருணாசலம் மாஸ்டர் காலையில போயிட்டாராம். சாயங்காலம் எடுக்கறாங்க" என்றார். மீதிச் சாமானை வாங்காமலே நடந்துவிட்டேன்.

உங்களில் பலர் அவரை ஆங்கிலப் பள்ளியின் கணக்கு ஆசிரியராக அறிவீர்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் சைக்கிளும் உங்களுக்கு நினைவிருக்கும். நான் அவரை அறிந்தது மலாயாவை ஜப்பான்காரர்கள் பிடித்து ஆண்ட காலத்தில், என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த ஒரு மாணவராக.

அவர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர்களின் வழிவந்தவர். பெயரும் சாமியும் திருநீறும் தமிழ். வீட்டில் பேசுவது மலாய். ஆங்கிலப் பள்ளியை மூடியதும் வேலை போயிற்று. எங்கள் தமிழ்ப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லாததால் அங்கே வந்து சேர்ந்தார். கணக்குப் பாடம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், என் மூன்றாம் வகுப்பு வாசிப்புப் பாடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். "நானும் தமிழ் படிக்கிறேன் டீச்சர். கொஞ்சம் மெதுவாத்தான் வரும்" என்றார். அவரைவிட வயதில் சிறியவளான எனக்குக் கூச்சமாக இருந்தது.

புதுப் புத்தகங்கள் வராத காலம். என்னிடம் இருந்தது அட்டை கிழிந்துபோன ஒரு சிறுவர் நாவல். வெள்ளம் வந்த ஊரில் ஓடக்காரன் மகள் ஒருத்தி செய்யும் துணிச்சலான காரியங்களைச் சொல்லும் கதை. பிள்ளைகள் அதைத் தங்குதடையின்றி வாசிப்பார்கள். எனக்கு அதில் பெருமை. ஒருநாள் மாஸ்டர் கையை உயர்த்தி, 'ஓடம்' என்றால் என்ன என்று கேட்டார். வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு நாளும் அந்தச் சொல்லைக் கணீரென்று படித்தவர்கள்தான். "இவங்க வாய் படிக்குது டீச்சர். இவங்க இன்னும் படிக்கலை" என்றார் மாஸ்டர். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது உண்மை.

மறுநாளிலிருந்து பாடம் மாறியது. கதையில் வரும் புதுச் சொல்லைப் பிள்ளைகள் மாஸ்டருக்குப் புரியவைக்க வேண்டும். தமிழிலோ மலாயிலோ, தரையில் படம் போட்டோ, எப்படியாவது. அவர் லேசில் விடமாட்டார். 'துடுப்பு' என்ற சொல்லுக்காக அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து வகுப்பே துடுப்புப் போட்டது. 'விருந்து' வந்த நாள்தான் மறக்காது. மரவள்ளிக்கிழங்கு தின்றே நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தோம். மாட்டுவண்டிக்காரரின் மகள் செல்லம்மா எழுந்தாள். "வீட்டுக்கு யாராச்சும் வந்தா, அம்மா 'எனக்குப் பசிக்கலை'ன்னு சொல்லும் சார். அதுதான் விருந்து." மாஸ்டர் அடுத்த சொல்லுக்குப் போனார்.

ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அவர் இன்னொன்றும் கேட்பார்: "எழுதினதைப் படிச்சாச்சு. எழுதாம விட்டது என்ன?" ஓடக்காரன் மகள் ஏன் திரும்பிப் பார்க்காமல் போனாள்? அவளுடைய அம்மா ஏன் கூப்பிடவில்லை? பிள்ளைகள் ஆளுக்கொரு பதிலோடு சண்டை போடுவார்கள். வாசிப்பு என்பது அதுதான் என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது.

பிறகு அந்த நோட்டீஸ் வந்தது. சயாமில் ரயில் பாதை போடும் வேலை, நல்ல சம்பளம், அரிசி உண்டு என்று தமிழில் அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். பையன் ஒருவன் ஒன்றைப் பிய்த்து வகுப்புக்குக் கொண்டுவந்து உரக்க வாசித்தான். எழுதாமல் விட்டது என்ன என்று வழக்கம்போல் மாஸ்டர் கேட்டார். செல்லம்மாதான் பதில் சொன்னாள்: "எப்பத் திரும்பி வருவாங்கன்னு போடலையே சார்."

மாஸ்டர் எழுந்து அவளருகே வந்தார். அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். ஜப்பான்காரர்களுக்குப் பயந்து, அதற்குமேல் வகுப்பில் வாய்திறக்க முடியாத காலம் அது. சில நாளில் செல்லம்மாவின் அப்பா சயாமுக்கு ரயிலேறினார். சண்டை முடிந்தது, போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

அவர் ரயிலேறிய வாரத்திலிருந்தே மாஸ்டர் என் வகுப்பில் வந்து உட்காரவில்லை. கடைசி அத்தியாயங்களைப் பிள்ளைகளோடு நான் மட்டுமே வாசித்து முடித்தேன். வெகு காலம் கழித்து, துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் அவரைப் பார்த்தபோது, "கதை எப்படி முடிஞ்சதுன்னு சொல்லட்டுமா மாஸ்டர்?" என்று கேட்டேன். "வேண்டாம் டீச்சர்" என்றார். பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளைக்குப் புரிஞ்சுது. நான் அன்னிக்கே அவ வீட்டுக்குப் போயிருக்கணும். அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பாடத்தோட நிறுத்திட்டேன்." செல்லம்மா எதிரே வந்தால் அவர் தெருவின் மறுபக்கம் போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாவு வீட்டுக்குச் செல்லம்மாவும் வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. மாஸ்டர் இத்தனை காலம் சுமந்துகொண்டிருந்ததை அவளிடம் சொன்னேன். திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"என்ன டீச்சர் சொல்றீங்க? அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட அதைத்தான் சொன்னேன். 'திரும்பி வர்றதைப் பத்திப் போடலைப்பா'ன்னு. அவரு சிரிச்சாரு. 'தெரியும்மா. நான் போனா உங்களுக்கு ஒரு தட்டுச் சாப்பாடு மிஞ்சும்ல'ன்னாரு." மாஸ்டரின் தலைமாட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "இவரு என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். ஆனாலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாசித்துக்காட்ட வருகிறார்கள். வாசித்து முடித்ததும் 'சபாஷ்' என்று உடனே சொல்லிவிடமாட்டேன். ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்பேன். பதில் வரும்வரை பொறுத்திருப்பேன். அந்தப் பொறுமைதான் மாஸ்டரிடமிருந்து எனக்கு வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்ட அந்த மனிதர், ஒருத்தியிடம் மட்டும் கேட்கப் பயந்து காலமெல்லாம் தெருவைக் கடந்துபோனார். அதுவும் என்னோடு இருக்கிறது.