பாத்ரூம் பல்பும் நான் எழுதிய படிவமும்

இன்று கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். நர்சிங் ஆசிரியையாக இருபது வருடமாக இதுதான் என் வேலை.

போன வாரம் அங்கே ஒரு நோயாளி பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இரும்பு ஆலைத் தொழிலாளி. ஆபரேஷன் செய்த கால் மறுபடி உடைந்துவிட்டது.

ஏன் விழுந்தார் என்று ஒரு மணி நேரம் பேசினோம்.

டீ டம்ளர் எடுக்க வந்த துப்புரவுப் பணியாளர் தேவகியக்கா கேட்டுக்கொண்டே நின்றார்.

"அந்த பாத்ரூம்ல பல்பு பீஸ் போயி பத்து நாளாவுது மேடம். நானே செல்லுல லைட் அடிச்சிக்கினுதான் கழுவுறேன்."

"ஆபத்துன்னு தெரிஞ்சா எழுதிப் போட ஃபாரம் இருக்கே, எழுதலையா?" என்றேன்.

"அது இங்கிலீஷ்ல கீது மேடம். எனக்கு இன்னா தெரியும்?"

'ஆபத்தை யார் பார்த்தாலும் எழுதலாம்' என்பதுதான் அந்தப் படிவத்தின் முதல் வரி. இந்த ஆஸ்பத்திரிக்காக அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவள் நான்.

இப்போது ரயிலில் அதைத் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன். அடுத்த வகுப்பில் தேவகியக்காவுக்கும் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

"அப்போ டீ டம்ளரை யார் எடுக்கிறது?" என்று அப்போதே ஒரு டாக்டர் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

இதைப் படிக்கும் டாக்டர்களே, நர்ஸ்களே, உங்கள் ஆஸ்பத்திரியில் யார் எடுக்கிறீர்கள்?